அளக்காமலே ‘முழு வேலை’ என்றார்கள்: பழைய டிராக்டர் இன்ஜின் பட்ட பாடு

டிராக்டர் ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. என்ன வேலை தேவை என்று தீர்மானிக்கும் முன் அளவுக்கருவியைக் கையில் எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நீலப்புகை, காலையில் ஸ்டார்ட் ஆகாத முரண்டு, பிரீதர் குழாயில் (இன்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய்) புகை தள்ளுவது, ஆயில் குறைவது எல்லாம் இருந்தன. முதலில் வந்த மெக்கானிக் புகையைப் பார்த்ததுமே, இன்ஜினை இறக்கி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை அரைத்து முழு வேலை செய்ய வேண்டும் என்றார். அடுத்தவர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் போட்டால் போதும் என்றார். இரண்டு செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு இருவருக்குமே கோபம்தான் வந்தது.

சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையைப் பிடிவாதமாக நின்று செய்ய வைத்தேன். மூன்று சிலிண்டரிலும் குறைவு. ஒவ்வொன்றிலும் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது இரண்டில் அழுத்தம் ஏறியது. ரிங்கின் இடைவெளியை ஆயில் அடைத்ததால்தான் ஏறியது; ஆகவே அங்கே தேய்ந்தது ரிங்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனரும். ஏறாத மூன்றாவதில் வால்வும் கசிந்தது. டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேல் இடம் மிகக் குறைவு. ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆயில் விட்டுவிடாதீர்கள்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி பிஸ்டன்களை எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒரு ரிங்கை மட்டும் லைனருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளந்தேன். ரிங் ஓடாத அடிப்பகுதியில் 0.7 மி.மீ.; மேலே, தேய்மானம் அதிகமுள்ள இடத்தில் 1.3 மி.மீ. இடைவெளி கூடியது சுற்றளவு கூடியதால்தான்; வித்தியாசமான 0.6-ஐ 3.14-ஆல் வகுத்தால், மேலே விட்டம் ஏறக்குறைய 0.19 மி.மீ. பெருத்திருக்கிறது. இப்படிக் கூம்பிய லைனரில் புது ரிங் போட்டிருந்தால் சீக்கிரமே பழைய புகை திரும்பியிருக்கும். ஆகவே லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் புதிது. ஹெட்டில் வால்வு வேலை. அரைத்தே ஆக வேண்டும் என்ற கிராங்கையோ மைக்ரோமீட்டரில் பார்த்தால், எல்லா ஜர்னலும் (பேரிங்கில் சுழலும் பகுதிகள்) கையேட்டின் வரம்புக்குள் இருந்தன. ஸ்டாண்டர்ட் அளவு பேரிங் மாற்றியதோடு அந்தச் செலவு மிச்சம்.

அடுத்த தலைவலி உதிரிபாகக் கடை. இன்ஜின் எண்ணை எழுதிக் கொடுத்தும், டிராக்டர் மாடலை மட்டும் பார்த்து வேறு லைனர் செட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். என் டிராக்டரில் எப்போதோ யாரோ இன்ஜினையே மாற்றியிருக்கிறார்கள். நல்லவேளையாக, முதலில் ஒன்றின் வெளிவிட்டத்தைப் பழையதோடு வெர்னியரில் ஒப்பிட்டுப் பார்த்ததால் மற்ற உறைகளைப் பிரிக்கவில்லை. பிரித்த ஒன்றைத் திருப்பி வாங்க மறுத்து அவர்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. பழைய லைனரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

லைனர் இறக்கியதும் அதன் விளிம்பு பிளாக்குக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். வேலை செய்தவர்கள் தேவையில்லை என்றார்கள். நானே பார்த்தேன், ஒன்று மட்டும் அதிகமாகத் தூக்கி நின்றது. அதை எழுப்பிப் பார்த்தால், அது உட்காரும் இடத்தில் பழைய துரு ஒட்டியிருந்தது. அப்படியே ஹெட்டை முறுக்கியிருந்தால் இடையில் உள்ள கேஸ்கட் போயிருக்கும்.

இத்தனை தேய்மானம் எங்கிருந்து வந்தது என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு. உள்ளே விரலை விட்டால் மண் ஒட்டியது. அந்தக் குழாயை மாற்றாமல் புது லைனரை ஓட்டினால் அதையும் தூசி தின்றுவிடும்.

பொருத்திய பிறகு நீண்ட நேரம் சுமையில்லாமல் ஐடிலில் விடாதீர்கள், ரிங் படியாது. மிதமான சுமை கொடுத்து ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டுமா என்பதை மெக்கானிக்கிடம் கேட்காமல் கையேட்டில் பாருங்கள்.