ஊதாங்குழல் பிடிச்ச அம்மாவும் 6 நிமிஷ நடையும்

அம்மா பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்ல. ஆனா 30 வருஷத்துக்கு மேல விறகடுப்பு, ஜன்னல் இல்லாத சமையல்கட்டு, கையில ஊதாங்குழல். 63 வயசுல சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்க வைக்கிற நாள்பட்ட நுரையீரல் நோய்னு டாக்டர் சொன்னப்ப, அது புகை பிடிக்கிறவங்களுக்குத்தானே வரும்னு நெனச்சேன். விறகுப் புகையாலயும் வருமாம்.

இன்ஹேலர் குடுத்தாங்க. நாங்க பண்ண தப்பு, அம்மாவ உக்கார வச்சது. கோலம் போடாதம்மா, படி ஏறாத, குடம் தூக்காத... எல்லாம் பாசத்துலதான், ஆனா ஒரே வருஷத்துல பாத்ரூம் போயிட்டு வர்றதுக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. பிசியோதெரபி பண்ற பொண்ணுதான் புரிய வச்சுது. சும்மாவே இருந்தா கால் சதை கரைஞ்சிரும், வலுவில்லாத கால் கொஞ்ச தூரத்துக்கே நெறைய காத்து கேக்கும், மூச்சு வாங்கும், அந்த பயத்துல இன்னும் உக்காந்துருவாங்கன்னு.

அந்தப் பொண்ணுகிட்டயே பயிற்சிக்குப் போனோம். மொத நாள் 30 மீட்டர் வராண்டால 6 நிமிஷம் நடக்க விட்டாங்க, விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப். நடுவுல ரெண்டு தடவ நின்னு 210 மீட்டர் நடந்தாங்க.

அப்புறம் மூச்சு. இந்த நோய்ல பழைய காத்து முழுசா வெளிய வராம உள்ளயே தேங்கிடுது. அதனால மூக்கால 2 எண்ணி இழுத்து, உதட்டக் குவிச்சு 4 எண்ணி விடணும், அப்படி விட்டா உள்ள இருக்குற குழாய்ங்க சட்டுனு மூடிக்காது. "ஊதாங்குழல் மாதிரியாம்மா?"ன்னு அம்மா கேக்க, "வாய் அதேதான்மா, ஆனா விளக்குச் சுடர் ஆடணும், அணையக் கூடாது, அவ்ளோ மெதுவா"ன்னுச்சு அந்தப் பொண்ணு. குனியும்போதும் படி ஏறும்போதும் மூச்ச விட்டுக்கிட்டே செய்யணும், முட்டுச்சுன்னா மேசைல கைய ஊனி முன்னால சாயணும். நான் ஆசையா வாங்கிட்டு வந்த மூணு பந்து கருவி, அது உள்ள இழுக்குறதுக்கு, பெரும்பாலும் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குக் குடுப்பாங்களாம், ஓரமா வச்சாச்சு.

8 வாரம், வாரத்துக்கு 2 நாள். நடை, நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, தண்ணி பாட்டில் தூக்குறது. ஊதிப் பாக்குற டெஸ்ட்ல நம்பர் மாறல, அது மாறாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. ஆனா நடை 268 மீட்டர்! 30 மீட்டர் கூடினாலே பெரிய விஷயமாம். இப்ப வாசல்ல கோலம் அம்மாதான்.

விட்டா பழையபடி ஆயிரும்னு வீட்லயும் தினம் பண்றாங்க. காய்ச்சலடிச்சாலோ சளி கூடி நிறம் மாறினாலோ மட்டும் அன்னைக்கு பயிற்சி கெடையாது, நேரா டாக்டர்தான்.