மங்கில் தெரிந்த நீலம்

"ஏன்பா, இந்த ஓரம் மட்டும் நீலமா இருக்கு?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இன்று காலை, கித்தா (ரப்பர்) மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்குள் எட்டிப் பார்த்து மகள் கேட்டாள். ராத்திரி மழைத்தண்ணியில் பால் கரைந்திருந்தது. கெட்டியாக இருந்த இடம் வெள்ளை. மெலிந்த ஓரம் லேசான நீலம்.

எத்தனை வருசம் பால் மரத்தடியில் வளர்ந்தேன், இதை நான் கவனித்ததே இல்லை.

1921இல் மத்தியதரைக் கடலில் சி.வி. ராமனையும் ஒரு நீலம்தான் பிடித்து நிறுத்தியது. வானத்தின் பிரதிபலிப்பே கடலின் நீலம் என்றிருந்தார் ஆங்கில இயற்பியலர் ரேலி. கப்பல் தளத்தில் நின்று, ஒளியை வடிகட்டும் நிக்கோல் பட்டகத்தால் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார் ராமன்.

நீலம் போகவில்லை.

தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது! அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. 1928 பிப்ரவரி 28, கல்கத்தா: சிதறும் ஒளியில் சிறு பங்கு நிறமே மாறி வருவதைக் கண்டார். 1930இல் நோபல். திருச்சியில் பிறந்த நம் தமிழர்.

"வெயில் பக்கம் திருப்பிப் பாரும்மா" என்று மங்கை அவள் கையில் கொடுத்தேன்.