அம்மாவோடு இரண்டு தீவுகள்

19 ஜனவரி 2025, ஞாயிறு – மதுரை

அம்மாவின் பெட்டியில் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், சுக்கு, எலுமிச்சம்பழம் நான்கு, ஒரு சால்வை. அந்தமானில் குளிராது என்றால், "கடல் காத்துக்கு வேணும்த்தா" என்கிறார். அறுபத்தெட்டு வயதில் மதுரையைத் தாண்டி அவர் போனதெல்லாம் பழனி, திருச்செந்தூர், ராமேசுவரம். படகில் ஏறியதே இல்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத் தெப்பம் பார்த்ததுண்டு. அதுவும் கரையில், அண்ணன் தோளில் உட்கார்ந்து.

அந்த அண்ணன், என் பெரிய மாமா, போன ஆவணியில் காலமானார். 1939-இல் நேதாஜி மதுரைக்கு வந்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர் தாத்தா. தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு போஸ் இருப்பார்கள்.

"முழங்காலை வச்சுக்கிட்டு நான் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ராஸ் தீவுக்கு 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்கண்ணன் பேரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கே அவருக்கும் டிக்கெட் போட்டோம்.

23 ஜனவரி, வியாழன் – ஸ்ரீ விஜயபுரம்

போன செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு வைத்த பெயர் இது. ஆட்டோக்காரர், கடைக்காரர் எல்லாரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். பாதிப் பேர் தமிழிலேயே சொல்கிறார்கள்.

ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. விளக்கு வைக்கிற நேரம் தவறிவிட்டதே என்று அம்மா பதறினார். கடிகாரம் இங்கேயும் மதுரை நேரத்தைத்தான் காட்டுகிறது, ஆனால் ஊர் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. நம் ஊரில் பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று மகன் விளக்கினான்.

இன்று நேதாஜி பிறந்தநாள். நாங்கள் பார்த்துப் போட்ட தேதி இல்லை. மாமாதான் கூப்பிட்டிருக்கிறார் என்கிறார் அம்மா. நானும் மறுக்கவில்லை.

24 ஜனவரி, வெள்ளி

காலை ஒன்பதுக்கு அபர்டீன் படகுத்துறை. சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டியதும் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். படகு ஏறி ஏறி இறங்குகிறது, கால் வைக்கத் தைரியம் வரவில்லை. படகில் வேலை பார்க்கும் தம்பி கையை நீட்டி, "எந்த ஊரும்மா?" என்றார். மதுரை என்றதும் முகம் மலர்ந்தது. அவர் தாத்தாவுக்குப் பரமக்குடிப் பக்கம். "அவசரப்படாதீங்கம்மா. படகு மேல வரும்போது காலை வைங்க. கீழ போகும்போது வைக்காதீங்க." அம்மா இரண்டு அலையை விட்டுவிட்டு, மூன்றாவதில் கால் வைத்தார். சரியாக இருந்தது.

ராஸ் தீவு கரையிலிருந்தே தெரியும் தூரம்தான். இறங்கியதும் அம்மா தீவைப் பார்க்கவில்லை, பெயர்ப் பலகையைத் தேடினார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். "இதுல போஸ் எது?" என்றார். காட்டினேன். அந்த எழுத்துகள் மேல் விரலை வைத்து, முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகத் தடவினார். பின்னால் படம் எடுக்க நின்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

முழங்காலுக்காக பேட்டரி வண்டி எடுத்தோம். மான்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. அப்புறம் தேவாலயம். கூரை இல்லை, சுவர் மட்டும். அந்தச் சுவரை ஆல வேர்கள் விரல் விரலாகப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. செங்கல் எங்கே முடிகிறது, வேர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு சன்னல் வளைவில் கல்லே இல்லை. கல் விழுந்த பிறகும் வேர் அந்த வளைவைப் பிடித்து வைத்திருக்கிறது. அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "நம்ம ஊர்ல கோபுரத்துல ஒரு அரசங்கன்னு முளைச்சா உடனே ஆள் ஏத்திப் பிடுங்கிருவாங்க. இங்க அதுல்ல செவுத்தைத் தாங்குது."

1858 முதல் ஆங்கிலேயருக்கு இதுதான் அந்தமானின் தலைமையிடம். பங்களா, பேக்கரி, அச்சகம், நீச்சல் குளம் எல்லாம் இருந்திருக்கின்றன. 1941 ஜூனில் நிலநடுக்கம், அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அதன் பிறகு காடுதான். இதெல்லாம் யார் கட்டியது என்று அம்மா கேட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கப்பலில் கொண்டுவந்த கைதிகள் என்றேன். காட்டை வெட்டியதும் அவர்கள்தான். அதற்குமேல் அம்மா பேசவில்லை. பக்கத்துக் குழுவின் வழிகாட்டி நீச்சல் குளத்தைக் காட்டினார், மயிலைக் காட்டினார், கைதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது ஆறவில்லை. பூங்கா பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம் இல்லை இது.

ஒன்றரை மணி நேரத்தில் விசில் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

அடுத்தது நார்த் பே. குன்றடியில் கலங்கரை விளக்கம் தெரிந்ததும், பழைய இருபது ரூபாய் நோட்டில் இருப்பது இதுதான் என்றார் படகுத் தம்பி. அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, சிவப்பு நோட்டு ஒன்றை எடுத்து விரித்து, கடலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல முன்னாடி தென்னை நிக்குதே, இங்க காணோமே?" படத்தில் இருப்பது எதிரே மலை மேலிருந்து தெரியும் காட்சி என்று தம்பி சொன்ன பிறகுதான் நோட்டு மடங்கி உள்ளே போனது.

இறங்கிய உடனேயே ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் கட்டிய பணம் படகுக்கு மட்டும்தானாம்; தண்ணீருக்குள் பார்க்க எல்லாமே தனிக் காசு. எங்கள் ஏஜெண்ட் இதை முன்பே சொல்லவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் எது சேர்த்தி, எது தனி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அடித்தளம் உள்ள படகில் ஏறினோம். முதலில் வெறும் மணல். அப்புறம் மான்கொம்பு மாதிரி, மடிப்பு மடிப்பாக மூளை மாதிரிப் பவளப்பாறைகள். நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கொத்திக்கொண்டே கூட வந்தது. இடையிடையே வெளுத்துப்போன திட்டுகள். கடல் சூடேறினால் பவள உயிரி தனக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் சாப்பாடும் அந்தப் பாசிதான். 2010-இல் இந்தப் பக்கம் பெரிய அளவில் அப்படி வெளுத்தது. அம்மா கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். "இதுக்கும் உசிரு இருக்கா?" இருக்கிறது என்றேன்.

திரும்பும்போது அலை கூடியது. மகன் இரண்டு முறை வாந்தி. அம்மா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்கில் பிடித்தார். "தூரத்துக் கரையையே பாரு அய்யா, கீழ பார்க்காத." படகுக்கே புதியவர், இதை எங்கே கற்றார் என்று தெரியவில்லை.

ராத்திரி ஓட்டல் சோற்றில் புளிக்காய்ச்சல் பிசைந்து சாப்பிட்டோம்.

25 ஜனவரி, சனி

செல்லுலார் சிறை. ஏழு பிரிவுகளில் மூன்றுதான் நிற்கின்றன. இன்று எழுத முடியவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய் – மதுரை

தைப்பூசம். அம்மா விடாப்பிடியாகக் கிளம்பிவிட்டார், தெப்பக்குளம் கொள்ளாத கூட்டம். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிய தெப்பத்தை வடம் பிடித்து இழுக்கிறார்கள், நடுமண்டபத்தைச் சுற்றி விளக்கொளி தண்ணீரில் உடைந்து உடைந்து வருகிறது.

படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "அதுல ஏறச் சொன்னா எனக்குப் பயந்தான் வரும்" என்றார்.

"ஒண்ணும் பயமில்லக்கா" என்று அம்மா அவர் பக்கம் திரும்பினார். "மேல வரும்போது காலை வைக்கணும். கீழ போகும்போது வச்சிரக் கூடாது. ரெண்டு அலையை விட்டுருங்க."