முகம் காட்டாத பணிப்பெண்

டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் துடைப்பத்தோடு பூனையை விரட்டும் அந்தப் பெண்ணுக்கு ஓர் ஊரும் வரலாறும் உண்டு என்பது, அட்லாண்டாவில் குடியேறிய பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. 1990-களில் மதுரையில் கேபிள் இணைப்பின் வழியே கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அவர் வெறும் இரண்டு பருத்த கால்களும் ஓர் அதட்டல் குரலும் மட்டுமே. அவர் பேசும் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட விளங்காவிட்டாலும், அடுத்து அடி விழப்போகிறது என்பது விளங்கிவிடும். சிரிப்பதற்கு அது போதும். வெடி வெடித்ததும் டாமின் முகம் கரிபிடித்து, தடித்த உதடுகளும் ரிப்பன் கட்டிய சிறு சடைகளுமாக மாறும் காட்சியையும் அவ்வாறே சிரித்துக் கடந்தோம்.

அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பக்கத்தில் வசித்த கறுப்பின மூதாட்டிதான், எந்தப் பேருந்தில் ஏறினால் எங்கே இறங்கலாம் என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். நகரின் வடபகுதியில் வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் தன் தாய் பிள்ளைகளை வளர்த்ததை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். 1881-ஆம் ஆண்டிலேயே கறுப்பினச் சலவைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த நகரம் இது. எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்ட 'கான் வித் த விண்ட்' திரைப்படத்தின் முதல் திரையிடல் விழா, 1939 டிசம்பரில் இங்குதான் நடந்தது. அதில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், நிறப் பாகுபாட்டுச் சட்டங்களின் காரணமாக அவ்விழாவுக்கு வர இயலவில்லை. 1940 பிப்ரவரியில் அதே வேடத்துக்காக, ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். டாமும் ஜெர்ரியும் தோன்றிய முதல் குறும்படத்தை எம்ஜிஎம் வெளியிட்டதும் அதே மாதத்தில்தான். அதிலும் ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருகிறார், முகமில்லாமல்.

அந்தக் குரலுக்கு உரியவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. படத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. கறுப்பின உரிமை அமைப்புகளின் எதிர்ப்பு வலுத்த பின் 1952-உடன் அப்பாத்திரம் மறைந்தது. 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவருடைய கால்களை அழித்துவிட்டு, ஒல்லியான வெள்ளைப் பெண்ணை வரைந்து, அயர்லாந்துச் சாயலில் வேறொரு நடிகையைப் பேசவைத்தார்கள். இதை ஒரு திருத்தம் என்று என்னால் கருத முடியவில்லை. கேலியாகவேனும் திரையில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணை, அவருடைய நடிகையின் உழைப்போடு சேர்த்து அப்புறப்படுத்தியது மட்டுமே அதில் நடந்தது.

பின்னாளில் இப்படங்களின் உரிமையைப் பெற்ற வார்னர் நிறுவனம் தன் குறுந்தகடுகளில் சேர்த்த முன்னறிவிப்பு இதைவிட நேர்மையானது: இச்சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இவற்றை நீக்கினால் இத்தகைய பாரபட்சமே இருந்ததில்லை என்று சொல்வதாகிவிடும் என்கிறது அது. வெட்டுவது எப்போதும் சம்பந்தப்பட்டவர்களின் விருப்பமாக இருப்பதுமில்லை. ஸ்பீடி கான்சாலஸ் என்ற மெக்சிகோ எலியின் படங்களைக் கார்ட்டூன் நெட்வொர்க் 1999-இல் நிறுத்தியபோது, அவற்றைத் திரும்பக் கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் அமைப்பும் இருந்தது. 2002-இல் அவை மீண்டும் ஒளிபரப்பாயின. அவனுடைய தோழர்கள் சோம்பேறிகளாகக் காட்டப்படுவது உண்மைதான் என்றாலும், பூனையை ஒவ்வொரு முறையும் வெல்பவன் அவனல்லவா!

எங்கள் வீட்டில் எந்தப் படத்தையும் ஒளித்துவைக்கவில்லை. கரிமுகக் காட்சி வந்தால் நிறுத்தி, அது யாரைக் கேலி செய்தது என்று மகளிடம் சொல்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா வார இறுதியில் தமிழ் நகைச்சுவைக் காட்சிகளைப் போடும்போதுதான் சிக்கல். புகைத்தாலும் குடித்தாலும் எச்சரிக்கை வாசகம் காட்டும் நம் படங்களில், கரிய நிறத்தவரைக் கேலி செய்யும்போது எதுவும் வருவதில்லை. இப்போது அவற்றையும் நிறுத்திப் பேசுகிறோம். அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை.