இருதய சத்திரசிகிச்சையும் ஒரு செலவுக் கொப்பியும்

2025 பெப்ரவரியில், திருகோணமலை மத்திய வீதியில் நான் கணக்கெழுதும் இரும்புப் பொருள் மொத்த விற்பனை நிலையத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கியதுபோல் இருந்தது. அதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படி வந்ததை வாய்வு என்று தள்ளிவிட்டிருந்தேன். மாவட்டப் பொது வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கிளினிக் கொப்பி ஒன்றைத் தந்து, கண்டிக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் செய்த வைத்தியர், மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பதாகவும், குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய் (ஸ்டென்ட்) வைப்பதைவிட பைபாஸ் சத்திரசிகிச்சையே நல்லது என்றும் கூறினார். எனக்கு அப்போது 49 வயது.

எங்கள் வீட்டு நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். எனது சம்பளம் 92,000 ரூபாய். உவர்மலையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் மனைவிக்கு 30,000 ரூபாய். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு நாங்கள் தகுதியில்லை. அதில் எனக்கு மனக்குறையும் இல்லை. அரச ஊழியருக்குள்ள அக்ரஹார காப்புறுதியோ ஓய்வூதியமோ தனியார் கடையில் வேலை செய்யும் எனக்குக் கிடையாது. மாதம் ஒழுங்காக ஓடும்வரை இப்படிப்பட்ட குடும்பத்தைப் பார்ப்பவர்கள் வசதியானது என்றுதான் எண்ணுவார்கள். 2022 இல் ரூபாய் சரிந்து, செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோதே எங்கள் நிலையான வைப்பு கரைந்துவிட்டிருந்தது. தனியார் துறையில் வேலை செய்பவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி அந்த ஆண்டுக்கு வழங்கிய வட்டியோ 9 சதவீதம். கணக்கெழுதுபவன் என்பதால் அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அடைப்பு என்று கேட்டதும் உறவினர்கள் எல்லோரும் தனியார் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்கள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை 19 இலட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தந்தது. மனைவியின் நகைகளை அடகு வைப்பது, மைத்துனர் பிடித்திருந்த சீட்டை எடுப்பது, மீதிக்கு வங்கிக் கடன் என்று ஓர் இரவு முழுவதும் கணக்குப் போட்டோம். எனக்கு ஏதும் நடந்தால் அந்தக் கடனை 30,000 ரூபாய்ச் சம்பளத்தில் யார் கட்டுவது என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எங்களைத் தடுத்தவர் கிளினிக்கில் இருந்த மூத்த தாதி ஒருவர். மதிப்பீட்டுக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். “தம்பி, உங்களுக்கு நோ அடிக்கடி வருதோ, இல்லாட்டி நடந்தால் மட்டுமோ?” என்று கேட்டார். “நடந்தால் மட்டும்தான் மிஸ்” என்றேன். “அப்ப டொக்டரிட்ட நேர கேளுங்கோ, எவ்வளவு காலம் பொறுக்கலாம் எண்டு. அதைக் கேளாமல் ஏன் நகையைக் கொண்டு ஓடுறீங்கள்?” அந்தக் கேள்வியை அதுவரை நான் எந்த வைத்தியரிடமும் கேட்டிருக்கவில்லை. கேட்டபோது, மருந்தை ஒழுங்காக எடுத்து, பாரம் தூக்காமல், வலி கூடினால் உடனே வரும் நிபந்தனையோடு அரச வைத்தியசாலைப் பட்டியலில் காத்திருக்கலாம் என்று பதில் வந்தது. இது எனது உடல்நிலைக்குச் சொல்லப்பட்ட பதில். இன்னொருவருக்கு இது பொருந்தாமல் போகலாம்.

ஆனாலும் பட்டியல் நீண்டுபோனால் என்ன செய்வது என்ற பயம் விடவில்லை. ஆகவே இரண்டு கதவுகளை முன்கூட்டியே தட்டிவைக்கத் தீர்மானித்தேன். முதலாவது ஜனாதிபதி நிதியம். அதன் மருத்துவ உதவிக்கு முன்பெல்லாம் கொழும்புக்கே போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம் என்றாகியது. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விபரம் கேட்டேன். விசேட வைத்திய நிபுணரின் பரிந்துரை, வைத்தியசாலையின் மதிப்பீடு, கிராம உத்தியோகத்தரின் சான்று, வருமான விபரம் ஆகியவை தேவை. கிடைப்பது செலவின் ஒரு பகுதிதான். அவசரமாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சை தவிர்ந்த மற்றவற்றுக்கு முன்கூட்டியே போவதுதான் நல்லது. ஒரு பகுதி என்ற சொல்லைக் கேட்டதும் 19 இலட்சத்தின் மிகுதி எங்கள் தலையில் என்பது தெளிவாகிவிட்டது. பத்திரங்களை ஒரு கோப்பில் போட்டு வைத்தேன்; சமர்ப்பிக்க வேண்டிய தேவை வரவில்லை.

இரண்டாவது கதவுதான் என்னை மாதக்கணக்கில் அலைத்தது. ஊழியர் சேமலாப நிதியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பங்களித்து, 3 இலட்சத்துக்கு மேல் மீதியுள்ள ஒருவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ தனது மீதியில் 30 சதவீதம் வரை, ஆனால் உச்சமாக 20 இலட்சம் ரூபாய் வரை, ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். எனது கணிப்பில் 18 இலட்சம் இருந்தது; ஆகவே 5 இலட்சத்து 40 ஆயிரம் கிடைக்க வேண்டும். தொழில் அலுவலகத்துக்குப் போன முதல் நாளே இரண்டு தடைகள் வெளிவந்தன. எனது தந்தையார் பெயரின் முதலெழுத்தை அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ‘ரி எச்’ என்று எழுதியிருக்கிறார்கள். சேமலாப நிதியில் என்னைப் பதிவுசெய்ய இருபது ஆண்டுகளுக்கு முன் நிரப்பிய பி அட்டையில் வெறும் ‘ரி’. அந்த ஒற்றை எழுத்தால் பழைய கணக்கும் புதிய கணக்கும் இரண்டு வெவ்வேறு மனிதர்களுடையவைபோல் நின்றன. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுதுவினைஞரும் தமக்குத் தோன்றியபடி எழுதிவந்த நாட்டில் இது என்னோடு முடிகிற சிக்கலல்ல. இரண்டாவது தடை அதைவிட மோசமானது: முன்பு வேலை செய்த ஒரு நிறுவனம் எனது சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்துக்கொண்டும், தான் சேர்க்க வேண்டிய 12 சதவீதத்தோடு அதைப் பதினான்கு மாதங்களுக்கு அனுப்பவே இல்லை.

பெயரைத் திருத்துவதற்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சத்தியக் கடதாசி, இப்போதைய முதலாளியின் கடிதம் என்று நான்கு தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் அரைநாள் விடுமுறை. மூன்றாவது தடவை, கடிதத்தில் நிறுவனத்தின் பதிவிலக்கம் விடுபட்டிருந்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவன் நான்தான் என்பதால் யாரையும் நோக முடியவில்லை. ஜூலையில் திருத்தம் முடிந்தது. அதற்குள் எனது மனமும் மாறியிருந்தது. 55 வயதில் கைக்கு வர வேண்டிய, ஓய்வூதியம் இல்லாத எங்களுக்கு அதற்கு ஈடாக உள்ள ஒரே பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகையை, அரசு இலவசமாகச் செய்யும் ஒரு சத்திரசிகிச்சையை சில மாதங்கள் முந்திச் செய்வதற்காக எடுப்பதா என்று யோசித்து, விண்ணப்பத்தை நிரப்பி மேசையிலேயே வைத்தேன்.

காத்திருந்த மாதங்களில் பணம் சிறுகச் சிறுகப் போனது. அரச மருந்தகத்தில் ஒரு மாத்திரை இல்லாத மாதங்களில் வெளியே வாங்கினோம். தனியாரிடம் எக்கோ பரிசோதனையும் இரத்தப் பரிசோதனைகளும் செய்து கண்டிக்குக் கொண்டுபோனேன். அவை மூன்று மாதப் பழையவை என்று அங்கே திரும்பவும் செய்தார்கள், இலவசமாகவே. முதலில் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். சனலிங் செய்து, அதாவது தனியாரிடம் கட்டணம் கட்டி நேரம் பதிந்து, பார்த்த நிபுணர்களும் கிளினிக்கில் சொன்னதையேதான் சொன்னார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் அழைப்பு வந்தது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பஸ் பயணம் எனக்கு ஆகாது என்பதால் வான் பிடித்தோம். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. அதைப் பற்றி நான் எழுத அதிகம் இல்லை, ஏனெனில் அதில் பெரும்பகுதி எனக்கு நினைவில்லை. வைத்தியசாலைக்கு நான் கொடுத்த கட்டணம் ஒரு சதமும் இல்லை. ஆனால் மனைவி 19 நாட்கள் அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளை அன்புவழிபுரத்தில் என் அக்கா பார்த்துக்கொண்டார்.

மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் எல்லாவற்றையும் குறித்துவந்தேன். தனியார் பரிசோதனைகள் 41,500, சனலிங் 18,000, பயணமும் வானும் 62,000, கண்டியில் அறை 47,500, சாப்பாடு 28,000, வெளியே வாங்கிய மருந்து 54,000. மொத்தம் 2,51,000 ரூபாய். இதோடு முடியவில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி எனக்குள்ளது ஆண்டு விடுமுறை 14 நாளும் சாதாரண விடுமுறை 7 நாளும். அலைச்சலிலேயே அவை தீர்ந்துவிட்டதால், செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதங்களும் முதலாளி பாதிச் சம்பளம் தந்தார். சட்டப்படி அதையும் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இழந்த 92,000 ரூபாயையும் சேர்த்தால் இலவசச் சத்திரசிகிச்சையின் விலை 3,43,000 ரூபாய். சீட்டுப் பணமும் இரண்டு காப்பும் அதற்குப் போயின. தாலிக்கொடியும் சேமலாப நிதியும் தப்பின.

இதே வழியில் இறங்குபவர்கள் என்னிடம் கேட்டால், பி அட்டையையும் அடையாள அட்டையையும் நோய் வருவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சேமலாப நிதிக்கு மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்றை உறையோடு அலுமாரியில் போட்ட ஆண்டுகளுக்கு நான் கொடுத்த விலை அந்தப் பதினான்கு மாதங்கள்.

நவம்பர் முதல் வாரம் வேலைக்குத் திரும்பினேன். இப்போது கீழ்த்தளத்தில் மேசை போட்டுத் தந்திருக்கிறார்கள். மாதமொருமுறை கிளினிக். பழைய நிறுவனம் கட்டாத பணத்துக்கான முறைப்பாடு தொழில் அலுவலகத்தில் இருக்கிறது. தாமதித்த காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் அவர்கள் கட்ட வேண்டிவரும். முதல் விசாரணைக்கு அவர்கள் வரவில்லை. அடுத்த திகதியைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.