மருந்து வேண்டாம், பணமாகக் கொடுங்கள்

வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம் கிளினிக்குகளுக்காகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் சில நண்பர்கள் நிதி திரட்டுகிறோம். நிறைய பேர் வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொண்டு வருகிறார்கள். நேற்று ஓர் அக்கா கொடுத்த பையில் பாதி குடித்த இருமல் மருந்து, நான்கு மாத்திரை மீதமுள்ள அட்டை. மனசு பெரிசுதான். ஆனால் ஒருவருக்குக் கொடுத்த மருந்தை நன்கொடையாக அனுப்பக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது 1 வருடமாவது இருக்கவும் வேண்டும்.

2017 ஆகஸ்ட்டுக்குப் பிறகு மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் உயிருக்குப் பயந்து ஓடிவந்த இடம் காக்ஸ் பஜார். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சுத்தமான தண்ணீரும். அதை வங்காளதேசத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், கப்பல் செலவும் இல்லை.

பத்து வெள்ளி என்றாலும் சரி, உள்பெட்டியில் எழுதுங்கள்.