முந்தின நாள் சாயங்காலமே கட்ட வேண்டிய பூ

விதைப் பண்ணையில் பூசணிக் கொடியோடு வேலை என்று சொன்னால், "காலையில் ஒரு பூவை எடுத்து இன்னொரு பூவில் தேய்ப்பீர்களே, அதுவா?" என்று கேட்பார்கள். தேய்ப்பதற்கு அரை நிமிடம் போதும். விதை கலப்பில்லாமல் வர, அந்தப் பூ அதுவரை தேனீயோ வண்டோ தொடாத பூவாக இருக்க வேண்டுமே, அதற்குத்தான் முந்தின நாள் சாயங்காலம் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நடக்கிறோம்.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். மெலிந்த நீளமான காம்பில் நிற்பது ஆண் பூ. இதழுக்கு அடியில் சின்னப் பிஞ்சோடு வருவது பெண் பூ. கொடியில் முதலில் ஆண் பூக்கள்தான் தலைகாட்டும். பெண் பூவுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். மகரந்தத்தூள் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ சுமந்து போனால்தான் உண்டு. பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மறுநாள் அது திறக்காது.

காய்க்காகப் பயிர் வைப்பவருக்கு இதில் கவலையே இல்லை. எந்தக் கொடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் இந்த வருடத்துக் காய் தாய்க்கொடியின் காயாகவே இருக்கும். நிறமோ ருசியோ மாறாது. கலப்பு விதைக்குள்தான் இருக்கும். ஒன்றரை, இரண்டு கிலோ காய்க்கும் கோ 2 ரகத்துக்குப் பக்கத்தில் 7, 8 கிலோ காய்க்கும் கோ 1 நின்றிருந்தால், அது தெரிய வருவது விதையை வாங்கிப் போன விவசாயி அடுத்த பட்டத்தில், அதாவது அடுத்த விதைப்புப் பருவத்தில், காய் பறிக்கும்போதுதான். அவர் உழுது, தண்ணீர் கட்டி, ஒரு பட்டத்தையே செலவழித்த பிறகு. இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு 500 மீட்டர், அந்தச் சான்று விதையை உண்டாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 1000 மீட்டர் என்று மற்றப் பூசணிக் கொடிகளிலிருந்து இடைவெளி விடச் சொல்வார்கள். எங்கள் கொங்குப் பக்கம் வேலியோரம், குப்பைமேடு, மாட்டுக்கொட்டகைக் கூரை என்று எங்கே பார்த்தாலும் ஓர் அரசாணிக் கொடி (பூசணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) படர்ந்திருக்கும். அத்தனை தூரத்துக்கு யாரிடம் போய்க் கொடியைப் பிடுங்கச் சொல்வது? அதனால் பூவையே மூடிவிடுகிறோம். (பக்கத்தில் பாகலோ பீர்க்கையோ இருந்தால் கலந்துவிடுமா என்று சிலர் பயப்படுவார்கள். அவை பூசணியோடு சேராது.)

மாலை நான்கு மணிக்கு மேல் தேட ஆரம்பிப்போம். நாளைக்கு விரியப்போகிற மொட்டு நீண்டு, பச்சை வெளுத்து, நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும். இன்னும் இறுக்கமாகப் பச்சையாக இருந்தால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில், இலைக்கு அடியில், சுணை கையை அறுக்கும்போது பார்த்துச் சொல்வதற்குப் பழக்கம் வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பல வருடங்களாகக் கிராசிங் வேலை, அதாவது கையால் மகரந்தம் சேர்க்கும் வேலை, செய்துவந்த ஓர் அக்கா. "நுனிய மட்டும் பாக்காத கண்ணு, லேசா தொட்டுப் பாரு. நாளைக்கு வெடிக்கறது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்" என்பார். அவர் கட்டிய மொட்டுகள் பெரும்பாலும் மறுநாள் தவறாமல் விரியத் தயாராக இருக்கும்.

நுனிக்கு ஒரு விரல் அகலம் கீழே பருத்தி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவோம். இறுக்கினால் இதழ் அறுந்துவிடும், தளர்த்தினால் விடியும் முன்பே பூ நூலைத் தள்ளிக்கொண்டு விரிந்துவிடும். ஒட்டும் டேப்பைப் பனியில் நம்ப முடியாது. பெண் பூவுக்கு மேலே பட்டர் பேப்பர் கவரும் போடுவோம். ஆண் பூவையும் இப்படியே கட்ட வேண்டும், இதைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். கட்டாத ஆண் பூவில் தேனீ வந்து உட்கார்ந்தால், வேறு கொடியின் தூளை அதில் விட்டுவிட்டுப் போகும். கட்டிய ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் துணி சுற்றிய ஒரு குச்சி நடுவோம். இல்லையென்றால் காலையில் இலைக்காட்டுக்குள் தேடியே வெயில் வந்துவிடும்.

காலையில் முதல் வேலை பரிசோதனை. நூல் அப்படியே இருக்கிறதா, இதழில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்புப் பூசணி வண்டு இதழைக் கடித்து வழி செய்துகொள்ளும். ஓட்டை இருந்தால் அந்தப் பூ வேண்டாம், எவ்வளவு நல்ல பூவாக இருந்தாலும் சரி. எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கிற முறை எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். பூவுக்கு இவ்வளவு என்று காசு வைத்துவிட்டால், சந்தேகமான பூவை ஒதுக்க யாருக்கு மனசு வரும்? நாள் கூலிதான் இந்த வேலைக்குச் சரி.

அப்புறம் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தம் படிந்த மஞ்சள் தண்டை, பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் தடவுவோம். சூல்முடியின் மடல்கள் எல்லாவற்றிலும் தூள் பட வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் காய் கோணலாக வளரும், விதையும் குறையும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு மூன்று ஆண் பூ வைத்துக்கொள்வது நல்லது. முடித்ததும் பெண் பூவைத் திரும்பக் கட்டி, காம்பில் தளர்வாக டேக், அதாவது அடையாளச் சீட்டு, மாட்டுவோம். காம்பு பருக்கும் என்பதால் தளர்வு அவசியம். எழுதுவது பென்சிலில்தான். பேனா மை மழையிலும் வெயிலிலும் போய்விடும்.

மனசுக்குக் கஷ்டமான ஒரு வேலையும் இதில் உண்டு. கொடியில் ஏற்கெனவே தேனீ பிடிக்கவைத்த பிஞ்சு இருந்தால் அதைக் கிள்ளிவிட வேண்டும். இருக்கிற பிஞ்சுக்குச் சத்து போய்க்கொண்டிருக்கும்போது, நாம் சேர்த்த பூ வெம்பி உதிர்ந்துவிடும். நன்றாகத் திரண்டு வரும் பிஞ்சைக் கிள்ள, வேலைக்கு வரும் பெண்கள் தயங்குவார்கள். சமையலுக்காவது ஆகும் வரை விடலாமே என்பார்கள். நியாயம்தான். ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். இன்னொன்று, உதிர்ந்த பிஞ்சையெல்லாம் மகரந்தம் சரியாகச் சேராத குறை என்று எழுதிவிடக் கூடாது. அறுத்துப் பார்த்தால் பாதி நேரம் உள்ளே பழ ஈயின் புழு நெளியும்.

பூக்கும் காலம் மார்கழியோடு சேர்ந்துகொண்டால் விடியலில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், கோலத்தில் சாண உருண்டைமேல் வைக்கப் பூக் கேட்டு. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. நூல் கட்டாத ஆண் பூ எல்லாம் உங்களுக்கு, நூல் கட்டியதைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தோம். ஒருவரும் மீறியதில்லை. கட்டாத ஆண் பூ குறைவது எங்களுக்கும் நல்லதுதான், தேனீ சுமந்து போகத் தூள் குறையும்.

டேக் உள்ள காய்களைக் காம்பு காயும் வரை கொடியிலேயே விடுவோம். பறித்த பிறகும் சில வாரம் நிழலில் வைத்தால் விதை இன்னும் திரளும். அறுத்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தும்போது அந்த டேக்கும் விதையோடு கூடவே போகும். டேக் விழுந்துபோன காய் எவ்வளவு அழகாக இருந்தாலும் சமையல் கூட்டுக்குத்தான்.

வீட்டில் ஒரே ஒரு கொடி வைத்திருப்பவர்கள், விதை எடுக்கலாமா என்று என்னைக் கேட்பதுண்டு. தாராளமாக எடுக்கலாம். அதே கொடியின் ஆண் பூவைக் கொண்டே சேர்க்கலாம். மக்காச்சோளம்போலத் தன் மகரந்தத்தால் சட்டென்று வலுவிழந்துபோகிற பயிர் இல்லை பூசணி. நூலுக்குப் பதிலாகத் துணி காயப்போடும் கிளிப்பும் போதும். ஆண் பூ, பெண் பூ இரண்டுக்கும் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் கிளிப்பைப் போட்டுவிடுங்கள்.